பச்சைப் புள்ளி

ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரே கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவு பதினொன்றரை மணி. நெடுஞ்சாலை. பின் இருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள். என் மின்சாரக் காரின் பேட்டரியில் 9 சதவீதம்தான் பாக்கி. ஆப்பைத் திறந்தால் நான்கு கிலோமீட்டரில் ஒரு சார்ஜிங் நிலையம், இரண்டு கன் (காரில் மாட்டும் கேபிள் முனை), இரண்டுக்கும் பச்சைப் புள்ளி. நிம்மதியாகப் போய் நிறுத்தினேன். சார்ஜரின் திரை எரிந்துகொண்டிருந்தது, எனக்கு முன்னால் யாரும் இல்லை. கன்னை எடுத்து மாட்டி அட்டையைக் காட்டினேன். 'சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. அடுத்த கன்னிலும் அதே வட்டம், அதே பதில். உதவி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஏசியை அணைத்துவிட்டு, நாற்பதுக்கு மேல் போகாமல் உருட்டி, 24 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 2 சதவீதம் காட்டியது. அம்மா கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

கஷ்டப்பட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வண்டி என்று இருந்தால் வழியில் நிற்கத்தான் செய்யும். அந்தப் பச்சைப் புள்ளிதான் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வேலை செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று காட்டிவிட்டுப் போகலாமே. வா வா என்று கூப்பிட்டு, வாசலில் நிற்கவைத்து, 'நீ யார் என்று தெரியாது' என்று சொல்லி அனுப்புவதற்கு எதற்கு ஒரு ஆப்? இதை எழுதியவர்கள் ஒரு நாளாவது கார் ஓட்டியிருப்பார்களா? கதையை இப்படித்தான் முடிப்பேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள்.

அப்படித் தலையாட்டாத முதல் ஆள் அவள்தான். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சார்ஜர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் தரையில் சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனா என்று கேட்டேன். "இல்லக்கா, சாஃப்ட்வேர். இது எங்க கம்பெனி சார்ஜரும் இல்ல. ஏன் இப்படி எரியுதுன்னு பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள். மின்வாகன சார்ஜிங் துறையில் ஏழு வருடமாக வேலை செய்கிறாளாம். சரியான ஆள் சிக்கிவிட்டாள் என்று என் கதையை ஆரம்பத்திலிருந்து கொட்டினேன். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, தன் துறைக்காரர்களுக்காக வாதாடவும் இல்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த வட்டம் எவ்வளவு நேரம் சுத்துச்சுக்கா?"

அரை நிமிடத்துக்கு மேல் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அது உங்கள வேணாம்னு சொல்லலக்கா. கம்பெனியோட கம்ப்யூட்டர், அதான் சர்வர், வேணாம்னு சொல்லணும்னா ஒண்ணு ரெண்டு செகண்டுல சொல்லிரும். அவ்வளவு நேரம் சுத்துச்சுன்னா, சார்ஜர் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, பதில் சொல்ல அங்க யாரும் இல்ல" என்றாள்.

அந்த இரவை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சார்ஜரின் பக்கத்தில் நின்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையில் அவளை 'அவர்' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். பழக்கம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

மேஜைமேல் ஒரு கார்

அவள் வீட்டு மேஜையில் ஒரு கார் இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு திருகு, உள்ளே சில மின்தடையங்கள் (ரெசிஸ்டர்கள்). சார்ஜருக்கு அது கார்தான். ஒரு காரில் சார்ஜர் எதிர்பார்க்கும் அடையாளங்கள் அவ்வளவுதானாம். கன்னைத் திருப்பி அதன் முகத்தை எனக்குக் காட்டினாள். தடித்த முனைகளுக்கு நடுவே மெலிதாக இரண்டு முனைகள். பெரிய முனைகளில் மின்சாரம் வருவதற்கு முன்னால் இந்தச் சின்ன முனைகளில் பேச்சு நடக்க வேண்டும். ஒன்று, கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா, எவ்வளவு தாங்கும் என்று சொல்ல. இன்னொன்றுக்குக் கன்ட்ரோல் பைலட் என்று பெயர். நாம் கன்னை மாட்டிய முதல் நொடிகளில் நடப்பதெல்லாம் அந்த ஒற்றைக் கம்பியில்தான்.

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் அலைகாட்டியை அந்தக் கம்பியில் இணைத்துக் காட்டினாள். கார் மாட்டாதபோது திரையில் 12 வோல்ட்டில் ஒரு நேர்கோடு. திருகை ஒரு படி திருப்பினாள். கோடு 9 வோல்ட்டுக்கு இறங்கியது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று சார்ஜருக்குத் தெரிந்துவிட்டது. உடனே அந்தக் கோடு நொடிக்கு 1000 தடவை மேலும் கீழுமாகக் குதிக்க ஆரம்பித்தது. அந்த அலை மேலே இருக்கும் நேரத்தின் அளவுதான் செய்தி. பாதி நேரம் மேலே இருந்தால் 30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள் என்று அர்த்தம், பத்தில் ஒரு பங்கு என்றால் 6 ஆம்பியர். இன்னொரு படி திருப்பினாள். அலையின் உச்சி 6 வோல்ட்டுக்கு இறங்கியது. 'நான் தயார், கொடு' என்று கார் சொல்வது அது. சார்ஜர் பெட்டிக்குள், மின்சாரத்தைத் திறந்துவிடும் கான்டாக்டர் 'டக்' என்று விழுந்தது. நான் நூற்றுக்கணக்கான தடவை கேட்ட சத்தம். ஒரு சம்பாஷணையின் கடைசி வார்த்தை அது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரில் பேச்சு இன்னும் நீளம். சிசிஎஸ் என்ற கன் வகையில் அலை 5 சதவீதத்தில் நின்றால், 'இனி டிஜிட்டலில் பேசுவோம்' என்று குறிப்பு. அதே கம்பியில் அதிவேக சிக்னல் ஏறிக்கொள்ளும். பக்கத்துக் கன்னின் கேபிளிலும் அந்தச் சிக்னல் லேசாகக் கசியுமாம். அதனால் கார் முதலில் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும், எந்தச் சார்ஜருக்கு அது குறையாமல் கேட்டதோ அதுதான் தன்னுடையது என்று முடிவு செய்துகொள்ளும். அப்புறம் மின்கசிவு இல்லையே என்று பார்க்கும் காப்புச் சோதனை, பேட்டரியின் வோல்டேஜுக்குச் சமமாக வருவது, எல்லாம் முடிந்த பின்தான் மின்சாரம். இதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் பேச்சு முறியலாம். முறிந்தால் திரையில் நமக்குத் தெரிவது ஒரு பிழை எண் மட்டும்.

சாரின் என்ற மின்வாகனத் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பு டெஸ்டிவல் என்று ஒரு சோதனைக் கூடல் நடத்துகிறது. கார்க்காரர்கள் காரோடும் சார்ஜர்க்காரர்கள் சார்ஜரோடும் வந்து, மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பார்கள். அவளும் ஒரு தடவை போயிருக்கிறாள். "ரெண்டு பக்கமும் ஸ்டாண்டர்ட கையில வச்சிருப்பாங்கக்கா. ரெண்டு பேரும் அதைப் படிச்சுத்தான் எழுதியிருப்பாங்க. மாட்டினா வேலை செய்யாது. உக்காந்து பாத்தா, ஒரே வாக்கியத்த ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சலிப்பே இல்லை. ஒரே கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள் ஒரே மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்கிற சந்தோஷம்தான் தெரிந்தது.

பச்சை என்றால் என்ன?

என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருந்தது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை என்றால், பச்சை எப்படி வந்தது?

சார்ஜரும் தூரத்தில் இருக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஓசிபிபி என்று பெயர். 2009இல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது. எந்த நிறுவனத்தின் சார்ஜராக இருந்தாலும் எந்த நிறுவனத்தின் சர்வரோடும் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். அவள் இதைக் கற்றுக்கொண்டது ஸ்டீவ் என்ற, நிரலை யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்தமூல சர்வரை வைத்து. ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் 2013இல் பிறந்தது அது. ஜெர்மன் மொழியில் 'பிளக் பாயின்ட் நிர்வாகம்' என்ற சொல்லின் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஓசிபிபியின் 1.6 பதிப்பு 2015இல் வந்தது. 2020இல் 2.0.1 வந்தது, 2025இல் 2.1கூட வந்துவிட்டது. ஆனாலும் 1.6 பேசும் சார்ஜர்கள் இன்னும் ஏராளம். சுவரிலும் தரையிலும் பதித்த பெட்டியை யாரும் போனைப்போல் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

லாக் என்று சொல்லப்படும் பதிவை ஒரு நாள் திறந்து காட்டினாள். வரிசையாக ஹார்ட்பீட், ஹார்ட்பீட், ஹார்ட்பீட். இதயத்துடிப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சார்ஜர் இத்தனை நேரத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்லும், சர்வர் பதிலுக்கு மணி என்ன என்று சொல்லும். எவ்வளவு இடைவெளி என்பதை சர்வர்தான் முடிவு செய்கிறது. ஐந்து நிமிடமாக இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். நிறைய சார்ஜர்களுக்குள் இருப்பது ஒரு சிம் கார்டுதான். சிக்னல் போய்விட்டால் சில நேரம் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துபோகும். அந்தப் பக்கம் அறுந்தது இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அடுத்த துடிப்பு வராமல் போய், இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சர்வரில் எழுதியிருக்கிறதோ அதுவும் கடந்த பிறகுதான் புள்ளி சாம்பல் நிறமாகும்.

"பச்சைன்னா இப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லக்கா. கடைசியா பேசினப்ப நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம்" என்றாள்.

ஒரு வருடக் கோபத்தில் பாதி அந்த இடத்தில் இறங்கிவிட்டது. ஆனால் இதைக் கேட்டு அவள் துறையை மன்னித்துவிட எனக்கு மனமில்லை, அவளும் மன்னிக்கச் சொல்லவில்லை. அவளே ஒரு ஆய்வை எடுத்துக் காட்டினாள். 2022இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எல்லோருக்கும் திறந்திருக்கும் 181 வேக சார்ஜிங் நிலையங்களுக்கு நேரில் போய், 657 கன்களைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறினால் போதும், வேலை செய்கிறது என்று கணக்கு. அப்படியும் தேறியது 72.5 சதவீதம். நடத்தும் நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததோ 95 முதல் 98 சதவீதம். ஏறக்குறைய 5 சதவீத இடங்களில் கேபிள் காரை எட்டவே இல்லை. எந்த சர்வரின் கண்ணுக்கும் தெரியாத கோளாறு அது. அங்கேயும் புள்ளி பச்சையாகத்தான் இருந்திருக்கும். "நாங்க திரையில பாக்குறது வேற, நீங்க அங்க நின்னு பாக்குறது வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதக் குறைக்கிறதுதான் என் வேலைன்னு நான் நினைச்சுக்கிறேன்" என்றாள்.

அப்படி நினைக்க வைத்த சம்பவம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எழுதிய நிரல் ஓடிய ஒரு சார்ஜர் மின்வெட்டுக்குப் பிறகு எழுந்திருக்கிறது. நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரச் சில்லு அதில் இல்லை. சர்வரிடம் மணி கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் ஒருவர் வந்து மாட்டிவிட்டார். தேதி தெரியாத கணினி பலவற்றுக்கு 1970 ஜனவரி 1 என்றுதான் தெரியும். சார்ஜ் ஆரம்பித்தது 1970, முடிந்தது அன்றைக்கு. நிமிடக் கணக்கில் கட்டணம் போட்ட பில் அந்த வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அரை நூற்றாண்டுக்கான பில். தொகையைப் பார்த்து அவர் பயந்துபோய், தப்பு தன்னுடையதுதானோ என்று கெஞ்சி ஒரு மெயில் எழுதியிருந்தாராம். அந்த மெயிலைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. நேரம் தெரியாமல் எந்தப் பதிவும் பில்லாகப் போகக் கூடாது என்று அன்று ராத்திரியே எழுதிவைத்தது இன்னும் அந்த நிரலில் இருக்கிறது.

ஒரு வரி

இதற்கெல்லாம் பிறகு ஒரு சாயங்காலம், ஆறாத மீதிப் பாதியைக் கேட்டேன். சரி, இணைப்பு இல்லை. ஆனால் மின்சாரம் இருந்தது, கன் நன்றாக இருந்தது, என் கணக்கில் பணம் இருந்தது. சர்வரைக் கேட்காமல் அதுவே கொடுத்திருக்க முடியாதா?

அவள் பதில் சொல்லாமல் ஓசிபிபி 1.6 ஆவணத்தைத் திறந்தாள். பின்பக்கங்களில் அமைப்புச் சாவிகளின் பட்டியல் இருக்கிறது. சார்ஜர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அமைப்புகளுக்குத்தான் சாவி என்று பெயர். ஒரு வரியில் விரலை வைத்து, "இதான்க்கா உங்களோட அந்த ராத்திரி" என்றாள். 'அலவ் ஆஃப்லைன் டிஎக்ஸ் ஃபார் அன்னோன் ஐடி'. இணைப்பு இல்லாத நேரத்தில் முன்பின் தெரியாத அட்டை வந்தால் சார்ஜ் கொடுக்கலாமா? ட்ரூ அல்லது ஃபால்ஸ், அவ்வளவுதான். அதற்கு முன்தினம் அதே இடத்தில் சார்ஜ் போட்ட யாராவது வந்திருந்தால், அந்த அட்டை சார்ஜரின் நினைவில் இருந்திருக்கலாம், சர்வர் இல்லாமலே கொடுத்திருக்கும். நான் முதல் தடவை வந்தவள். எனக்கான பதில் நான் அங்கே போவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஏதோ ஓர் அலுவலகத்தில், ஃபால்ஸ் என்று எழுதப்பட்டுவிட்டது.

எனக்கு வார்த்தை வரவில்லை. அதுவரை இயந்திரக் கோளாறு என்று நினைத்திருந்தேன், அப்புறம் சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். அது கோளாறே இல்லை. இயந்திரம் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. இருட்டில் தெரியாத ஒருத்தி வந்து நின்றால் நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியை ஒருவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். அவர் நம்ப வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். அல்லது அந்தக் கேள்வியைப் பார்க்காமலே, ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று அவள் நினைக்கிறாள். எனக்கு அதுதான் இன்னும் வலித்தது.

"இன்னும் இருக்குக்கா" என்று வேறொரு பக்கத்துக்குப் போனாள். தெரியாத அட்டைக்குச் சார்ஜ் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் இணைப்பு திரும்பி வந்து, அந்த அட்டை செல்லாது என்று சர்வர் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்வது? நிறுத்திவிடலாம் என்கிறது ஆவணம். அதன் கீழே ஒரு சின்னக் குறிப்பு. அப்படிச் செல்லாத அட்டையாக இருந்தாலும், கார் அங்கிருந்து கிளம்பிப் போக முடிகிற அளவுக்குக் குறைந்தபட்ச மின்சாரம் கொடுக்க நிலையத்தை நடத்துபவர் விரும்பினால் கொடுக்கலாம். எவ்வளவு என்று சொல்ல ஒரு சாவி: 'மேக்ஸ் எனர்ஜி ஆன் இன்வேலிட் ஐடி'. கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் மட்டும்.

அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. செய்திகளின் வடிவமும் எண்களுமாக நீளும் ஒரு வறண்ட ஆவணத்தில், நடுவழியில் நிற்கிறவரைப் பற்றி யாரோ யோசித்திருக்கிறார். அவர் ஏமாற்றுக்காரராகவே இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டாம், கிளம்பிப் போகட்டும் என்று யோசித்திருக்கிறார். முதல் தடவை படித்தபோது அவளும் அந்தக் குறிப்பில்தான் நின்றுவிட்டாளாம். தன் அலுவலகத்தில் இதை நெடுஞ்சாலை நிலையங்களில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். திருடுவார்களே, கணக்கு இடிக்குமே என்று பேச்சு வந்திருக்கிறது. 1.6இல் ஒவ்வொரு சார்ஜுக்கும் எண் கொடுப்பது சர்வர். இணைப்பு இல்லாதபோது எண் இல்லாமலேயே சார்ஜ் ஓடும், பிறகு கோத்து எடுப்பது தலைவலி. 2.0.1இல் சார்ஜரே எண் வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண்ணும் உண்டு, எது விடுபட்டது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய சார்ஜர்களுக்கும் அதுபோல ஒன்றைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் போய்க் கேட்டிருக்கிறாள். "குடுத்து ஏமாந்தா பத்து யூனிட்தானே போகும்னேன். குடுக்காம விட்டா யாரு நிக்கிறாங்க, எந்த நேரத்துல நிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாதேன்னு சொன்னேன்." மூன்றாவது கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவர்களுடைய நெடுஞ்சாலை நிலையங்களில் அந்த வரி ட்ரூ.

என்னைத் திருப்பியனுப்பிய நிலையம் அவளுடைய நிறுவனத்தினுடையது இல்லை. அங்கே அவளால் எதையும் மாற்ற முடியாது. அதை நடத்துபவர்களுக்கு நான் ஒரு நீண்ட மெயில் எழுதினேன். கோபமாக இல்லை. எந்தச் சாவி, எந்தக் குறிப்பு, என்ன கேட்கிறேன் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. மறுபடி எழுதுவேன்.

போன மாதம் பகலில் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. பேட்டரியில் 60 சதவீதம் இருந்தது, சார்ஜ் தேவையே இல்லை. இருந்தாலும் திரும்பி உள்ளே போய், அதே கன்னை எடுத்து மாட்டி, அட்டையைக் காட்டினேன். ஒரு நொடியில் பச்சை விழுந்தது. உள்ளே 'டக்' என்றது. பத்து நிமிடம் ஏற்றிவிட்டு, அந்தப் பெட்டிக்கு இனி என்னைத் தெரியும் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"சூப்பர்க்கா. ஆனா எத்தனை நாள் ஞாபகம் வச்சிக்கிற மாதிரி செட் பண்ணியிருக்காங்கன்னு தெரியல. மாசத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வந்திருங்க."